கல்லிடைக்குறிச்சி வீட்டுக்குக் கம்பிவழி ரூட்டர்: ஆறாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

கல்லிடைக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில் தெருவிலிருந்து புறவாசல் வரை நீண்டு செல்லும் பழைய வீடு. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய தடித்த சுவர்கள் இருப்பதால், பட்டாசலில் இணைய நிறுவனத்தார் வைத்துவிட்டுப் போன பெட்டியின் வைஃபை அடுக்களையைத் தாண்டுவதற்குள் மங்கிவிடுகிறது. மச்சில் என் தம்பி வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறான். புறவாசலுக்கு அப்பால், குறுகிய சந்து ஒன்றைக் கடந்தால், எங்கள் அப்பளக் கூடம் இருக்கிறது. அங்கே பில் போடும் கணினி ஒன்றும் கண்காணிப்புக் கேமராக்களும் உள்ளன.

இப்போது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். சாலையைத் தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுந்து அரை நாள் வேலை கெடுவதால், இரண்டாவதாக வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் வாங்கி, ஒன்று நின்றால் மற்றொன்று தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்ய விரும்புகிறோம். வீடு முழுவதும் கேபிள் இழுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டதால், வைஃபை இல்லாத, கம்பிவழி ரூட்டர் மட்டும் போதும். ரூட்டருக்கு ஆறாயிரம் ரூபாய் வரை செலவிட இயலும். மைக்ரோடிக் ஹெக்ஸ் வாங்கும்படி ஒருவரும், டிபி-லிங்க் இஆர்605 வாங்கும்படி மற்றொருவரும் சொல்கிறார்கள். எங்கள் தேவைக்கு எது பொருந்தும்?

பாளை வலைப்பணியாளர் எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. நீங்கள் குறிப்பிட்ட இரண்டுமே நல்ல கருவிகள்தாம். இரண்டிலும் ஐந்து கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்கள், அதாவது கேபிள் செருகும் வாய்கள், உண்டு, 100 எம்பிபிஎஸ் என்ன, 500 எம்பிபிஎஸ் இணைப்பையும் தாங்கும். ஆகவே வேகத்தை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நாளை இணைப்பு நின்றுபோனால் அந்த ரூட்டரைத் திறந்து பார்க்கப் போகிறவர் யார் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஹெக்ஸ் லாட்வியா நாட்டு நிறுவனத்தின் கருவி. அதிலுள்ள ரூட்டர்ஓஎஸ், அந்நிறுவனத்தின் பெரிய ரூட்டர்களில் ஓடும் அதே மென்பொருள் என்பதால், செய்ய முடியாதது என்று அநேகமாக ஏதும் இல்லை. ஆனால் இரண்டு இணைப்புகளுக்கு இடையே தானாக மாறும் ஏற்பாட்டை அதில் நாமே வழித்தட விதிகளாக எழுத வேண்டும். குறிப்பாக, வீட்டில் இணைய நிறுவனத்தார் வைத்த பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும்படி விதி எழுதிவிட்டால், ஊருக்கு வெளியே ஃபைபர் அறுந்தாலும் பெட்டி பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ரூட்டரும் இணைப்பு நன்றாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். உங்கள் பிரச்சினையே அதுதான் என்பதால், வெளியுலகில் உள்ள ஒரு முகவரியை அந்தந்த இணைப்பின் வழியாகவே சோதிக்கும்படி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு இதில் ஆர்வம் இருந்தால் தாராளமாக ஹெக்ஸ் வாங்கலாம். கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல கருவி இந்த விலையில் எனக்குத் தெரியாது. வாங்கினால் முதல் வேலையாக மென்பொருளைப் புதுப்பித்துக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மைக்ரோடிக் ரூட்டர்களை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் என்ற நிரலின் வழியில் 2018இல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வந்த பிறகும், புதுப்பிக்காமல் விட்ட மைக்ரோடிக் ரூட்டர்கள் உலகெங்கும் பெருமளவில் கைப்பற்றப்பட்டன.

இஆர்605இல் இதே ஏற்பாட்டை உலாவியில் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் சில தேர்வுகளைக் குறித்தே முடித்துவிடலாம். அதன் இரண்டாம் பதிப்பில் யூஎஸ்பி போர்ட் இருப்பதால், 4ஜி டாங்கிள் (சிம் போட்டு இணையம் தரும் சிறு கருவி) செருகி அதையே மாற்று இணைப்பாக வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஃபைபர் எப்போதாவதுதான் அறுகிறது என்றால் மாதச் செலவு மிச்சம். வாங்குமுன் அந்த டாங்கிள் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையை விட்டுவிட்டு, ஒன்று முதன்மை, மற்றொன்று மாற்று என்றே அமையுங்கள். பங்கிடும் முறையில் வெளியுலகுக்குத் தெரியும் நம் இணைய முகவரி நடுவில் மாறினால், வங்கித் தளங்களும், அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்னும் வெளியே தள்ளிவிடக்கூடும்.

நீங்கள் சொல்லும் சூழ்நிலைக்கு என் தேர்வு இஆர்605. கூடவே, பல கருவிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வலைப்பின்னலில் உள்ள கேமராவும் பதிவுப் பெட்டியும் பேசிக்கொள்வது ஸ்விட்ச்சோடு முடிந்துவிடும். வெளியே போகும் போக்குவரத்தை மட்டுமே ரூட்டர் கையாள வேண்டியிருக்கும். அதனால்தான் விலை கூடிய ரூட்டர் உங்களுக்குத் தேவையில்லை என்கிறேன்.

தென்காசிச் சாரல் எழுதியது:

மேலே சொன்ன தேர்வை நானும் ஏற்கிறேன். ஆனால் ரூட்டரில் மிச்சம் பிடித்த பணத்தைக் கேபிளில் போடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். கேட்6 (வலைப்பின்னல் கேபிளின் ஒரு தர வகை) என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு மலிவாக விற்கப்படுவதில் பெரும்பகுதி, அலுமினியக் கம்பியின் மேல் தாமிரம் பூசியது. கடையிலேயே ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். தாமிரம் நீங்கி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். மின்தடை கூடுதலாக இருப்பதோடு, சுவர் மூலையில் மடக்கும்போது உள்ளுக்குள் முறிந்தும்விடும். நல்ல தாமிரக் கேட்5இ கேபிளே 100 மீட்டர் தூரத்துக்குக் கிகாபிட் வேகத்தைத் தரும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி, குறையே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே கேபிள் இழுத்தவர் போவதற்கு முன்பே, ஒவ்வொரு முனையிலும் கணினி எத்தனை எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள்.

அப்பளக் கூடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தைக் கடந்து வேறு கட்டடத்துக்குத் தாமிரக் கேபிளைத் தொங்கவிடாதீர்கள். நம் பக்கம் சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி எப்படி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். நேரடியாக விழ வேண்டியதுகூட இல்லை. அருகில் விழுந்தாலே வெளியே தொங்கும் தாமிரக் கேபிளில் மின்னழுத்தம் எழுந்து, இரு முனைகளிலும் உள்ள ஸ்விட்ச், ரூட்டர், கேமராப் பெட்டி எல்லாவற்றையும் எரித்துவிடும். தாமிரக் கேபிளின் சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களையும், அவற்றுக்கு இடையே ஃபைபரையும் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அந்த ஃபைபரிலும் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி கூடவே ஓடும் வகை உண்டு. அதை வாங்க நேர்ந்தால், எஃகுக் கம்பியைச் சுவருக்கு வெளியே கொக்கியிலேயே நிறுத்தி வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஃபைபர் போட்ட பலன் பாதி போய்விடும்.

கல்லிடைக்காரர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தம்பிக்கு நேரமில்லை என்பதால் இஆர்605 என்றே முடிவு செய்துவிட்டோம். கூடத்துக்கு ஃபைபர் போடும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை, அதையும் செய்துவிடுகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: இப்போதுள்ள நிறுவனத்தின் பெட்டியே ரூட்டராகவும் வைஃபையாகவும் வேலை செய்கிறது. அதற்குப் பின்னால் புது ரூட்டரை வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதாதா? மச்சில் கைபேசிக்கு வைஃபையும் வேண்டும். அதற்குப் பழைய வைஃபை ரூட்டர் ஒன்று அலமாரியில் இருக்கிறது.

பாளை வலைப்பணியாளர் எழுதியது:

மோதாது, ஆனால் வீட்டுக்குள் உள்ள முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு பெட்டிகளிலும் நடக்கும். சாதாரண உலாவலுக்கு அதனால் தொல்லை இல்லை. வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டிய சேவைகளுக்குத்தான் இடைஞ்சல். இணைப்புக் கொடுத்தவரிடம் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலைக்கு, மாற்றித் தரச் சொல்லுங்கள். பிபிபிஓஇ முறையில் (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் முறை) வரும் இணைப்பு என்றால் பயனர் பெயர், கடவுச்சொல், அந்த இணைப்பைத் தனியே பிரித்துக் காட்டும் விலான் எண் மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, அவற்றை இஆர்605இல் இடுங்கள். விலான் எண் பகுதிக்குப் பகுதி மாறக்கூடியது என்பதால் இணையத்தில் தேடி எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த இணைப்புக்கு எம்டியூ (ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய தரவின் அளவு) 1492 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பிரிட்ஜ் மோட் தர மறுத்தால், புது ரூட்டரின் உள்முகவரித் தொடர் பழைய பெட்டியினதிலிருந்து வேறாக இருக்கும்படி மாற்றிவிட்டு அப்படியே பயன்படுத்துங்கள்.

அலமாரியில் உள்ள ரூட்டரை மச்சுக்குத் தாராளமாக வைக்கலாம். அதில் கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, அதன் சொந்த முகவரியை இஆர்605இன் தொடருக்குள், ஆனால் இஆர்605 பிற கருவிகளுக்கு வழங்கும் வரிசைக்கு வெளியே, வையுங்கள். கேபிளை அதன் வேன் (வெளி இணைய இணைப்புக்கான) போர்ட்டில் செருகாமல் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட் ஒன்றில் செருக வேண்டும்.