டர்போ வண்டிக்கு கம்பெனி ஈசியூவா, வெளி ஈசியூவா? தொப்பூர், சூளகிரி ஏற்றங்களில் பார்த்தது

தர்மபுரி டிஎஸ்ஐ:

ஈசியூ என்பது இன்ஜினை நடத்தும் கணினி. அதற்குள் இருக்கும் மேப்பை, அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற அட்டவணையை, மாற்றி எழுதுவது ரீமேப். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் மாட்டி ஈசியூவை ஏமாற்றும் பெட்டி பிக்கிபேக் பாக்ஸ். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நண்பனுடைய போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2 லிட்டர். கம்பெனி கொடுத்தது 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். பிக்கிபேக் பாக்ஸ் மாட்டியதிலிருந்து வண்டி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சித்திரை வெயில், மதியம், சேலத்திலிருந்து திரும்புகிறோம். தொப்பூர் ஏற்றத்தில் முன்னால் போன லாரி விலகியதும் முழுசாக மிதித்தான். என் மடியில் லேப்டாப், வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கேபிளில் லாக், அதாவது இன்ஜின் அளவுகளின் பதிவு, ஓடுகிறது. காதில் ஒரு சத்தமும் விழவில்லை. ஆனால் திரையில் நாலு சிலிண்டருக்கும் தீப்பொறி டைமிங் பின்னால் போகிறது. 3 டிகிரி, 5, ஒரு சிலிண்டரில் 8. "எப்படி இழுக்குது பாரு" என்று அவன் சொன்னது அதே நேரத்தில்தான். அந்த எட்டு இன்னும் என்னை விடவில்லை.

பூஸ்ட் என்பது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம். பூஸ்ட் சென்சார் சொல்வதை பாக்ஸ் குறைத்துச் சொல்கிறது. ஈசியூ காற்று குறைவு என்று நம்பி பூஸ்டை ஏற்றுகிறது, அந்தக் குறைந்த காற்றுக்குத் தக்கபடி தீப்பொறியையும் முன்கூட்டியே கொடுக்கிறது. உள்ளே இருப்பதோ நிறைய காற்று, அதுவும் சூடான காற்று. கலவை தானாக வெடித்து அடிப்பதுதான் நாக். அன்றைக்கு அதைக் கண்டுபிடித்து, டைமிங்கைப் பின்னால் இழுக்க வைத்து அந்த இன்ஜினைக் காப்பாற்றியது நாக் சென்சார்தான். கம்பெனி ஈசியூவை ஏமாற்றவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். அதற்குள்ளேயே மேப்பை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள்.

எஸ்டீம் டர்போ, ஓசூர்:

தூக்கி எறிய வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள், அதை என்னால் ஏற்க முடியாது. என்னுடையது பழைய எஸ்டீம், 1.3 லிட்டர் 16 வால்வு இன்ஜின், டர்போ பிறகு ஏற்றியது. அதன் கம்பெனி ஈசியூவுக்கு பூஸ்ட் என்றாலே என்னவென்று தெரியாது. அதிலுள்ள மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது, எழுதும் மேப் வேறு) வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் படிக்கும். அதற்கு மேல் ஏறினால் அதற்குக் கண் கிடையாது. ஸ்டாண்டலோன், அதாவது கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாக மாட்டும் வெளி ஈசியூ தவிர வேறு வழியே இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில், சூளகிரி தாண்டி ஒரு நீளமான ஏற்றம். பூஸ்டில் லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு, எண் ஏற ஏற பெட்ரோல் குறைவு) 0.80-இல் நின்றுகொண்டிருந்தது. திடீரென்று 0.88, 0.94. நான் காலை எடுப்பதற்குள் ஈசியூவே இன்ஜினை வெட்டிவிட்டது. பெட்ரோல் பம்ப் செத்துப் போயிருந்தது. பிஸ்டன் நாலும் முழுசாக இருக்கின்றன. லாம்டா இந்த எல்லையைத் தாண்டினால் வெட்டு என்று நாமே எழுதி வைக்கலாம் என்பதுதான் ஸ்டாண்டலோனின் பலம்.

காவேரிப்பட்டணம் வாசகர்:

எனக்குச் சொல்ல ஒரே சம்பவம். தெரிந்தவர் ஒருவர் ரீமேப் செய்த வண்டியை வாரண்டி வேலைக்கு விட்டார். ஃபோக்ஸ்வாகன் குழுமத்து வண்டி. சர்வீஸ் சென்டர் கணினியில் செருகியதுமே டிடி1, அதாவது இன்ஜின் மென்பொருள் மாற்றப்பட்டது என்ற குறி, பதிவாகிவிட்டது. டர்போ பழுதுக்கு வாரண்டி இல்லை என்றார்கள். அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர் திரையைத் திருப்பிக் காட்டியபோது வண்டிக்காரர் முகம் போன போக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அதனால் புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு. முதலில் ஆயில். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ என்றால் ஏபிஐ எஸ்பி தரம் பார்த்து வாங்குங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறுக்கு எதிராகவும் அந்தத் தரத்தில் சோதிக்கிறார்கள். அப்புறம், ஏற்றத்தில் பெரிய கியரில் 1500 ஆர்பிஎம்மில் வைத்து மிதிக்காதீர்கள், ஒரு கியர் இறக்குங்கள். பூஸ்ட் ஏற்றினால் பிளக் இடைவெளியைக் குறைக்க வேண்டும், 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் போதும், இல்லையென்றால் மிஸ்ஃபயர் வரும். அதிக ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பில் குறைந்த ஆக்டேன் ஊற்றாதீர்கள். வெளியூரில் அது கிடைக்காது என்றால் சாதாரண பெட்ரோலுக்கே தனி மேப் கேட்டு வாங்கி வையுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் மறைக்காதீர்கள். ரீமேப்புக்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், பழைய மேப் ஃபைலின் நகலையும் கேட்டு வாங்குங்கள். டர்போ காற்றைக் குளிர்விக்கும் பழைய இன்டர்கூலரோடு மே மாதம் மதியத்தில் டியூன் செய்து பார்க்காமல், குளிர்ந்த காலையில் மட்டும் லாக் எடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள்.

டோல்கேட் மச்சான்:

நல்ல யோசனைகள்தான், ஆனால் கியர்பாக்ஸைப் பற்றி யாருமே பேசவில்லையே? எங்கள் அக்கா வீட்டுக்காரர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வண்டியில் ஒரு கடையில் ஸ்டாண்டலோன் மாட்டினார். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் "டார்க்கைக் (முறுக்குவிசை) கொஞ்சம் குறை" என்று கியர்பாக்ஸ், வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் வயரில் ஈசியூவைக் கேட்கும். கடைக்காரர் போட்ட பெட்டிக்கு அந்தப் பேச்சே தெரியவில்லை. கிருஷ்ணகிரி டோல்கேட்டில், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, மீட்டரில் கியர் எழுத்து மொத்தமும் விட்டுவிட்டு எரிந்தது. முன்னாலும் போகவில்லை, ரிவர்ஸும் விழவில்லை. மாமாவும் நானும் இறங்கித் தள்ளினோம். அந்த உலர் கிளட்ச் டிக்யூ200 கியர்பாக்ஸுக்கே டார்க் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனைத் துரத்துபவர்கள் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

எஸ்டீம் டர்போ, ஓசூர்:

அது ஸ்டாண்டலோனின் குற்றம் இல்லை. அந்தப் பேச்சை எழுதித் தராமல் மாட்டியவரின் குற்றம். என் வண்டி மேனுவல், ஏபிஎஸ்ஸும் கிடையாது, பேச வேண்டியது ஒன்றுமே இல்லை. தினமும் ஓட்டும் டிஎஸ்ஜி வண்டிக்கு நானே ரீமேப்தான் சொல்வேன், தர்மபுரிக்காரரோடு அதில் சண்டை இல்லை.

தர்மபுரி டிஎஸ்ஐ:

சரி, பொதுவாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்: டர்போவோடு பிறந்த வண்டிக்கு மட்டும் என் பேச்சு. பாக்ஸைக் கழற்றி ரீமேப் செய்த பிறகு அதே ஏற்றத்தில், அதே வெயிலில் லாக் எடுத்தோம். எந்தச் சிலிண்டரிலும் 2 டிகிரிக்கு மேல் பின்வாங்கவில்லை. இப்போது எனக்கு வேறு கேள்வி. பங்கில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு கம்பெனி ஈசியூ ஃபியூயல் டிரிம்மை, அதாவது பெட்ரோல் அளவுத் திருத்தத்தை, ஏற்றித் தானே சமாளித்துக்கொள்கிறது. எஸ்டீம் அண்ணா, நீங்கள் மேப்பைத் திரும்ப எழுதினீர்களா, எத்தனால் அளவைப் பார்க்கும் ஃபிளெக்ஸ் சென்சார் போட்டீர்களா? லாக் இருந்தால் போடுங்கள்.