மூன்று அணியும் சமம் என்றால் சாம்பியன் யார்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

2008-ல் ஆஸ்டினில் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவன் அறைத்தோழன். அக்டோபரில் டாலஸில் எங்கள் பல்கலைக்கழக அணியான டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை 45-35 என்று வென்றபோது தெருவே ஆடியது. நவம்பர் 1 அன்று லபக்கில், ஒரே ஒரு வினாடி மிச்சமிருக்க எதிரணியின் கிராப்ட்ரீ எல்லைக்கோட்டுக்குள் பந்தோடு ஓடி டச்டவுன் போட, டெக்சாஸ் டெக் என்ற வேறு பல்கலைக்கழகம் எங்களை 39-33 என்று வீழ்த்தியது. அதே டெக்கை ஓக்லஹோமா 65-21 என்று துவைத்தது.

மூன்று அணிகளும் ஆடிய பிக் 12 என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தெற்குப் பிரிவில் முதலிடம் பெறுபவரே பட்டத்துக்கான இறுதி ஆட்டத்துக்குப் போவார். மூவருக்கும் 7 வெற்றி, 1 தோல்வி. நேருக்கு நேர் பார்த்தால் ஆளுக்கொரு வெற்றி. பிரிவுக்குள் பார்த்தாலும் மூவரும் சமம். விதிப்புத்தகத்தில் படிப்படியாக இறங்கி, ஐந்தாவது படியில் பி.சி.எஸ். தரவரிசையைப் பார்த்தார்கள். வாக்கெடுப்பும் கணினிக் கணக்கும் கலந்த அந்தப் பட்டியலில் ஓக்லஹோமா 0.0128 முன்னால். அவர்கள் இறுதி ஆட்டத்துக்குக் கான்சஸ் சிட்டிக்குப் போய் மிசௌரியை 62-21 என்று அடித்துப் பட்டம் வாங்கினார்கள். அவர்களை வென்ற நாங்கள் வீட்டில் டிவி பார்த்தோம். அன்றிரவு தோழன் சாப்பிடவே இல்லை.

எஸ்.இ.சி. என்ற இன்னொரு கூட்டமைப்பில் அப்போதே நல்ல விதி இருந்தது: சமமான மூவரில் தரவரிசையில் முதல் இருவரும் நெருங்கி இருந்தால், அவர்களுக்குள் வென்றவருக்கே வாய்ப்பு. அது இங்கே இருந்திருந்தால் டெக்சாஸ்தான் போயிருக்கும்.

மறுமொழி 1: அண்ணா, மிச்சிகனில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1973 ஆட்டத்தை நேரில் பார்த்தவர். மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் இரண்டுமே அதுவரை தோற்காதவை, ஆட்டம் 10-10. கூடுதல் நேரம் என்பதே அன்று கிடையாது, 1996-ல்தான் எல்லா ஆட்டங்களுக்கும் வந்தது. இரண்டும் ஆடிய பிக் டென் கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப் போட்டு ஒஹாயோவை ரோஸ் பௌல் என்ற பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். மிச்சிகன் வேறு பௌலுக்குப் போகவும் அன்றைய விதி விடவில்லை. சொல்லும்போது இன்றும் அவர் குரல் கம்முகிறது.

மறுமொழி 2: ஹார்வர்ட், யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் ஐவி லீகில் பட்டத்துக்கு இந்தச் சண்டையே இல்லை, சமம் என்றால் பகிர்ந்துகொள்வார்கள். 2024-ல் ஹார்வர்ட், டார்ட்மத், கொலம்பியா மூன்றும் சாம்பியன். கடைசி நாளில் கார்னெலை வென்ற கொலம்பியாவுக்குப் பட்டத்தில் பங்கு கிடைக்க, ஹார்வர்ட் தன் ஆட்டத்தில் தோற்க வேண்டியிருந்தது. ஹார்வர்டை வென்று யேல் அதைச் செய்து கொடுத்தது. 1961-க்குப் பிறகு கொலம்பியாவுக்கு முதல் பட்டம். நியூயார்க்கில் என்னோடு வேலை செய்யும் கொலம்பியாவின் பழைய மாணவர் மறுநாள் எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்தார்.