நொய்யலுக்கு இன்னொரு சட்டம் வேண்டுமா?

கடைமடை:
பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளுக்கு வாரியம் அமைக்க வந்த 1956 நதி வாரியச் சட்டத்தின்கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமையவில்லை. அதற்குப் பதிலாக 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆற்றுப்படுகை மேலாண்மைச் சட்ட வரைவு, 13 படுகைகளுக்கு ஆணையம் என்றது. அது கிடப்பில் கிடக்கிறது. நொய்யலுக்கு அப்படி ஒன்று வேண்டும். வெள்ளியங்கிரியில் புறப்படும் ஆறு, கோவைச் சாக்கடையையும் திருப்பூர்ச் சாயத்தையும் வாங்கிக்கொண்டு கரூர் மாவட்டத்தில் காவிரியில் விழுகிறது. மேல்மடையும் கடைமடையும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டாமா?

பனியன்காரன்:
1974-லேயே தண்ணீர் மாசுச் சட்டம் வந்தாயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னபோது நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். இப்போது கழிவுநீரை ஆர்.ஓ. சுத்திகரிப்பில் விட்டு, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி, உப்பை மூட்டை கட்டி அடுக்கி வைத்திருக்கிறோம். இன்னொரு ஆபீஸ், இன்னொரு கையெழுத்து. அவ்வளவுதான் நடக்கும்.

தோட்டத்துக்காரன்:
மூட்டை கட்டுகிறவர்கள் கட்டுகிறீர்கள், சரி. மழை பெய்த ராத்திரியில் ஆறு ஏன் நிறம் மாறுகிறது? ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்கென்று திறந்தார்கள். சாயத்தண்ணீர் தேங்கி, ‘தயவுசெய்து அணையில் தண்ணீர் நிறுத்தாதீர்கள்’ என்று விவசாயியே கெஞ்சும்படி ஆனது. எங்கள் கிணற்று மோட்டார் பைப்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக உப்பு, விரல் கனத்துக்கு.

வாய்க்கால்மேடு:
கடைமடை அண்ணா, அந்த வரைவை முழுக்கப் படித்தீர்களா? ஆணையத்தின் மேல்சபையில் உட்காரப்போவது படுகையில் உள்ள மாநிலங்களின் முதலமைச்சர்கள். காவிரி என்றால் டி.எம்.சி. கணக்கிலேயே பொழுது போய்விடும். முழுக்கத் தமிழ்நாட்டுக்குள் ஓடும் நொய்யலின் நுரையைப் பற்றி அங்கே யார் பேச்செடுப்பார்கள்? தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; சட்டத்தைச் சென்னையில் கேளுங்கள்.

கடைமடை:
நியாயம்தான். ஆனால் 2000-இல் வந்த மாநிலப் பாசனச் சட்டத்தில் விவசாயிகளுக்கு மட்டும்தான் சங்கம். ஆற்றைக் கெடுக்கிறவன் அதில் உறுப்பினரே இல்லை. நான் கேட்பது பட்டறை, நகராட்சி, ஆயக்கட்டு மூன்றும் சேர்ந்த சபை. தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும்.

பனியன்காரன்:
ஒட்டுங்கள். மேலே உள்ள ஊர்கள் வீட்டுச் சாக்கடையை நிறுத்திவிட்டு வரட்டும், முதல் கையெழுத்து என்னுடையது.

தோட்டத்துக்காரன்:
நீங்கள் முதலில், அவர்கள் முதலில் என்று முப்பது வருடமாகக் கேட்டாயிற்று. ஒருநாள் தோட்டத்துக்கு வாங்க, கிணற்றுத் தண்ணீரிலேயே டீ போட்டுத் தருகிறேன்.