ரேஸ் கோர்ஸிலயிருந்து எழும்பின பொம்பர்கள்

கீர்த்தி (கொழும்பு): 📷 படம்
ரேஸ் கோர்ஸில ஐஸ்கிறீம் 🍦 சிவா மாமா, இங்க குதிரை ஓடின இடத்தில பிளேனும் ஓடினதாம், உண்மையோ?

சிவா மாமா: ஓம் பிள்ளை. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில பிரிட்டிஷ்காரர் அங்க ஓடுபாதை போட்டவங்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, கொழும்புக்குக் குண்டு போட வந்த ஜப்பான்காரனுக்கு அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது.

வத்சலா அன்ரி: பிறகு திருகோணமலைக்கு அடிச்சவங்கள். எண்ணெய்த் தாங்கியில ஜப்பான் பிளேன் விழுந்து நாள்கணக்கா எரிஞ்சதெண்டு அம்மம்மா சொல்லுவா.

சிவா மாமா: அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். திருகோணமலைக்கு அடிச்ச அதே ஏப்ரல் 9ஆம் திகதி காலமை கீர்த்தி நிக்கிற இடத்தில இருந்து போனவங்களைப் பற்றித்தான் ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🌹🌹🙏

கீர்த்தி: பெரியப்பா, பின்னேரம் நாலு மணி 😄
மாமா சொல்லுங்கோ

சிவா மாமா: பிரிட்டிஷ் விமானப்படையின்ர 11ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமான அணி. பிளெனம் எண்ட சின்னப் பொம்பர். ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின்ர அஞ்சு விமானந்தாங்கிக் கப்பலையும் தேடிப் போனதில ஒன்பது போய்ச் சேர்ந்தது. துணைக்கு ஒரு ஃபைற்றரும் இல்லை! ஆனா கெட்டித்தனத்தைப் பார், அதில ஒண்டான அக்காகியைச் சுத்திக் குண்டு விழுந்து தண்ணி எழும்பினாப் பிறகுதான் அந்தக் கப்பல்காரருக்கு மேல ஆள் நிக்குதெண்டே தெரிஞ்சது. குண்டு ஒண்டும் படேல்லை. பிறகென்ன, ஜப்பான்காரன்ர சீரோ எண்ட ஃபைற்றர் விமானங்கள் கலைச்சு நாலை விழுத்திப்போட்டுது. அஞ்சாவதுதான் பாவம். தப்பி வரேக்க, மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் கப்பலைத் தாட்டுப்போட்டு வந்த ஜப்பான் விமானங்களுக்கு முன்னால மாட்டுப்பட்டுது.

ரமணன் (சிங்கப்பூர்): ஒண்டில எத்தினை பேர் மாமா?

சிவா மாமா: மூண்டு. ஓட்டுறவர், வழி பார்த்துக் குண்டு போடுறவர், ரேடியோவும் துவக்குமா ஒருத்தர். அஞ்சு பிளேனுக்கும் கணக்குப் பார்.

வத்சலா அன்ரி: பொம்பர் எண்டாலே எனக்கு பங்கருக்குள்ள பிள்ளையளோட குந்தி இருந்ததுதான் நினைப்பு வரும். மேல இருந்தவனுக்கு அழ என்னால ஏலாது தம்பி.

சிவா மாமா: விளங்குது அக்கா. இவங்கள் ஊருக்குப் போட்டவங்கள் இல்லை, கப்பலுக்குப் போனவங்கள். அதுதான் சொன்னனான்.

வத்சலா அன்ரி: ம்ம். சின்னப் பெடியளா இருந்திருப்பாங்கள்.

சிவா மாமா: எனக்குக் கோவம் என்னெண்டா, ஜப்பான்காரன் அண்டைக்கே படிச்சிருக்க வேணும். மேல பார்க்காத அதே பிழை. ரெண்டு மாசத்தில பசிபிக் கடலில மிட்வேச் சண்டையில அக்காகி, சோரியு, ஹிரியு மூண்டும் போச்சு. அதைப் பற்றி எவ்வளவு எழுதிக் கிடக்குது! பிளெனத்துக்கு ரெண்டு வரி கிடைச்சால் பெரிசு.

ரமணன்: கடலில விழுந்தவைக்குக் கல்லறை இருக்காதே?

சிவா மாமா: உடம்பு கிடைக்காத விமானப்படைக்காரற்ர பேர் உங்கட கிராஞ்சி நினைவுச்சின்னத்திலதான் வெட்டியிருக்கு.

ரமணன்: அட, எம்ஆர்டி ரெயினில போற இடம்தானே! ஞாயிறு போய்ப் பார்க்கிறன்.

சிவா மாமா: சும்மா போகாத. 24,000க்கு மேல பேர் கிடக்குது, தேடிக் களைச்சுப் போவாய். போர்க் கல்லறை ஆணைக்குழுவின்ர தளத்தில 1942 ஏப்ரல் 9 எண்டு போட்டுத் தேடு, எந்தத் தூண் எண்டு இலக்கத்தோட வரும். குறிச்சுக்கொண்டு போ.

பெரியப்பா: தண்ணிப் போத்தலும் கொண்டு போ. அங்க வெயில் கூட.