ஜிடி 730, மின்ட் 22: கேம் திறந்த உடனே மூடிக்குது, உதவுங்க

சத்துவாச்சாரி_பையன்:
வணக்கம். நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஜிடி 730 கார்டு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சுது, 11 இந்த பிராசஸர்ல ஏறாது. அதனால லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் ஆப் நல்லா திறக்குது. ஜஸ்ட் காஸ் 2-ல பிளே அமுக்கினா பச்சை பட்டன் நீலமாகி ஸ்டாப்னு காட்டுது, நாலு செகண்ட்ல திரும்பப் பச்சை. எரர்னு ஒண்ணுமே வரல. ரெண்டு தடவை அழிச்சுட்டு மறுபடி போட்டாச்சு. கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு கடையில கேட்டேன், "லினக்ஸ்ல கேம்லாம் ஓடாதுபா, விண்டோஸே போட்டுக்கோ"ன்னுட்டார். நெஜமாவா? தம்பி வேற வேலரண்ட் கேம் எப்பன்னு உயிரை எடுக்கிறான்.

பாகாயம்_பென்குயின்:
அழிச்சு அழிச்சுப் போடாத தம்பி, டேட்டாதான் காலி. டிரைவர் நம்பர் இன்னா? விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற ப்ரோட்டான் எந்த வெர்ஷன்?

சத்துவாச்சாரி_பையன்:
டிரைவர் மேனேஜர்ல 470 அண்ணா. ப்ரோட்டான் 9.

பாகாயம்_பென்குயின்:
அங்கதான் இடிக்குது. 470 ஏறுதுன்னா உன்னுது கெப்ளர்ங்கிற பழைய தலைமுறை கார்டு. கேம் பேசுற விண்டோஸ் கிராஃபிக்ஸ் மொழி டைரக்ட்எக்ஸ்; அதை லினக்ஸ்லயும் ஓடுற வல்கன் மொழியா மாத்திக் குடுக்கிறது ப்ரோட்டான் உள்ள இருக்கிற டிஎக்ஸ்விகே. 2022 நவம்பர்ல அது 2.0 ஆனப்போ வல்கன் 1.3 கட்டாயம்னு ஆயிடுச்சு. 470 டிரைவர் 1.2-லயே நின்னுபோச்சு. அதனால டிஎக்ஸ்விகே உன் கார்டை கார்டாவே மதிக்கல, கேமும் சத்தமில்லாம மூடிக்குது.

லைப்ரரில கேம் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அங்க டிக் போட்டு ப்ரோட்டான் 7.0 எடு. அதுல பழைய டிஎக்ஸ்விகே இருக்கு. டைரக்ட்எக்ஸ் 12 கேம் மட்டும் இந்தக் கார்டுல மறந்துடு.

ராணிப்பேட்டை_ரூட்:
கடைக்காரர் 2017-லயே நிக்கிறாரு போல. 2018-ல ப்ரோட்டான் வந்துச்சு, 2022-ல ஸ்டீம் டெக்கே ஆர்ச் லினக்ஸ் மேல வந்துச்சு. தனியா ஆடுற கேம்ல முக்காவாசி இப்ப பிரச்சினையே இல்ல.

வேலரண்ட் வராது, தம்பிகிட்ட சொல்லிடு. ஏமாத்தி ஆடுறதைத் தடுக்கிற அதோட வான்கார்டு சாஃப்ட்வேர் விண்டோஸோட மையமான கெர்னல் உள்ளேயே உக்காரணும். அதே வேலை பாக்கிற ஈஸி ஆன்ட்டி சீட், பேட்டில்ஐ ரெண்டும் 2021-லேர்ந்தே ப்ரோட்டான்ல ஓடும், ஆனா கேம் கம்பெனி அனுமதிக்கணும். ஏபெக்ஸ் கேம் நல்லா ஓடிட்டிருந்துச்சு, 2024-ல அவங்களே கதவைச் சாத்திட்டாங்க. வீட்டைக் கட்டினது நாம, சாவி அவங்ககிட்ட!

பாகாயம்_பென்குயின்:
சாவி கதை கார்டுக்கும்தான். என்விடியா 470-ஐ 2024-லயே கைவிட்டாச்சு, வேற யாரும் தொட முடியாது. ஏஎம்டிக்கு மெசா டிரைவர் ஓப்பன் சோர்ஸ், 2017-ல வந்த ஆர்எக்ஸ் 570-லயும் வல்கன் 1.3 ஓடுது. துட்டு சேர்ந்தா செகண்ட் ஹேண்ட்ல அதைத் தேடு. ஆனா அதுக்கு தனி பவர் ஒயர் வேணும், பெரும்பாலும் 8 பின், எஸ்எம்பிஎஸ்ல இருக்கான்னு பாத்துட்டு வாங்கு.

சத்துவாச்சாரி_பையன்:
அண்ணா ஓடுது!! முதல் தடவை கொஞ்சம் திக்கித் திக்கி ஓடுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. ஒரே ஒரு தொல்லை, பழைய டி டிரைவ்ல இருக்கிற கேம் மட்டும் திறக்கல.

ராணிப்பேட்டை_ரூட்:
டி டிரைவ் விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மட்தானே? ப்ரோட்டானுக்கும் அதுக்கும் ஒத்துவராது. கேமை லினக்ஸோட இஎக்ஸ்டி4 ஃபார்மட்ல இருக்கிற பார்ட்டிஷனுக்கு மாத்திடு.

சத்துவாச்சாரி_பையன்:
கேமை அங்க காப்பி பண்ண விட்டிருக்கேன், 61 ஜிபி. ஒன்றரை மணி நேரம் காட்டுது. மதியம் கரண்ட் போகாம இருக்கணும்.