பொருள்: மறுமொழி: கல்லூரி நிதி, இந்த வருடமாவது

சிங்கப்பூர், கீழத்தெரு:

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். அம்மா பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்றுதான் திரும்பினார். தேங்காய் மட்டை உரிக்கும் மாமாவின் மகள் பட்டுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கிறாளாம். போன வருடம் கலந்தாய்வில் இன்ஜினியரிங் இடம் கிடைத்த பிள்ளை. முதல் தவணையும் விடுதி முன்பணமும் புரட்ட முடியாமல் சேரவே இல்லை.

அரசு உதவி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, எல்லாம் இவளைத் தாண்டிப் போய்விட்டது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. வீட்டில் ஒருவர் டிகிரி முடித்துவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. இவள் அண்ணன் அஞ்சல் வழியில் பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அந்த பி.காம். இவளுக்குத் தடையாகிவிட்டது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போனால் கல்விக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டும். ஆனால் அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. நம் பள்ளி அரசு உதவிபெறும் தனியார் பள்ளி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இப்போது உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. சேர்ந்த பிறகுதான் வரும். சேருவதற்கே பணம் இல்லையே!

அவள் வகுப்புப் பையன் கதை வேறு. அவன் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, சலுகை அப்படியே கிடைத்திருக்கும். ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்து, “ஸ்காலர்ஷிப் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் தள்ளிவிட்டார். முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வு வழியே போனவர்களுக்குத்தான் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மே மாதம் விண்ணப்பம் திறந்துவிடும். அவளுக்கு முதல் தவணையும் விடுதி முன்பணமும் நாம் கட்டலாம். ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முடிந்தவர்கள் கூடுதலாக.

டொராண்டோ, மேலத்தெரு:

தம்பி, நல்ல எண்ணம்தான். முதலில் 2018 கஜா புயலுக்கு வசூலித்த பணத்தின் கணக்கு எங்கே? தென்னங்கன்று வாங்கினோம் என்றார்கள். எத்தனை கன்று, யார் தோப்பில் வைத்தார்கள்? குழுவில் மூன்று முறை கேட்டேன், பொங்கல் வாழ்த்துதான் பதிலாக வந்தது.

இன்னொன்று. நான் கனடா குடியுரிமை வாங்கிவிட்டேன். நான் நம் ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, சங்கம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வைத்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் நாடாளுமன்றத் தெருக் கிளைக்குத்தான் வர வேண்டும். நம் சங்கத்துக்கு ஊரில் ஒழுங்கான ரசீது புத்தகமே கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் அனுப்பினால் தொந்தரவு இல்லை. கணக்கு வரட்டும், அப்புறம் பேசலாம்.

துபாய், பெரியவீடு:

கணக்கு கேட்கும் தம்பிக்கு: அந்தப் புயலில் என் தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை, நான் யாரிடமும் கேட்கவில்லை.

பள்ளியைப் பற்றி எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் தாத்தா நிலம் கொடுத்து எழுப்பிய பள்ளி. அங்கே படித்ததால் பிள்ளைக்குச் சலுகை போச்சு என்று பொதுவில் எழுதலாமா? நாங்கள் அதில் படித்துத்தான், கம்பன் எக்ஸ்பிரஸில் மூட்டை மேல் உட்கார்ந்து சென்னைக்குப் போய்ப் பெரிய ஆளானோம். அதிராம்பட்டினம் தாண்டினால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், அந்த ரயில் இப்போது எங்கே! நம் ஊர்ப் பிள்ளை கையேந்தக் கூடாது. வங்கியில் 7.5 லட்சம் வரை ஜாமீன் இல்லாமல் கல்விக் கடன் கொடுக்கிறார்கள். வாங்கட்டும், உழைத்துக் கட்டட்டும்.

லண்டன், குளத்துக்கரை:

பெரியப்பா, கடன் வாங்கிப் படித்தவள் நான், அதனால் சொல்கிறேன். வங்கி முதலில் சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரி தரும் கட்டண விவரத்தையும் கேட்கும். முன்பணம் கட்டினால்தான் கடிதம் தருவோம் என்றது கல்லூரி. ஜாமீன் வேண்டாம் என்பது காகிதத்தில். கிளையில் அப்பாவை ஐந்தாறு தடவை அலையவிட்டார்கள். கைலியில் போனதால் உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை.

நான் நர்சிங் சேரும்போது அந்த முன்பணத்துக்காகத்தான் அப்பா உங்கள் வீட்டு வாசலில் நின்றார். “பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?” என்று கேட்டு அனுப்பினீர்கள். அம்மாவின் தோடு போய்த்தான் நான் சேர்ந்தேன். அதை நீங்கள் மறந்திருக்கலாம். பள்ளிக்கு உங்கள் தாத்தா நிலம் கொடுத்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை, ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

சரி, பணத்துக்கு வருகிறேன். என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான். சங்கத்துக்கு அனுப்பமாட்டேன். அவளுக்கு இடம் கிடைத்ததும் முதல் தவணையையும் விடுதிப் பணத்தையும் அவள் பெயரில் நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டிவிடுகிறேன். கூடச் சேர விரும்புகிறவர்கள் தனியே எழுதுங்கள். இந்த முறை அவளுடன் உட்கார்ந்து கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியல் போட விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும், அதற்குப் பணம் தேவையில்லை. சிங்கப்பூர் தம்பி, அந்தப் பையனின் கல்லூரிக் கட்டண விவரத்தையும் வாங்கி அனுப்பு, என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம்.

டொராண்டோ மாமா, கல்லூரி ரசீதை உங்களுக்கே முதலில் அனுப்புகிறேன். கஜா கணக்கு நோட்டு உங்கள் மச்சானிடம்தான் இருக்கிறது, அத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.