செலஸ்ட் கேம் ஸ்லோ மோஷனில் ஓடுகிறது: லேப்டாப் கோளாறா, வேறு ஏதாவதா?

மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்):
வணக்கம். ஒரு சின்னக் குழப்பம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் சலுகையில் செலஸ்ட் வாங்கி இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணைக் குதிக்க வைத்து மலையேற்றும் கேம் அது. கேசட் போட்டு டிவியில் கான்ட்ரா ஆடிய தலைமுறை நான். இருபது வருடம் கழித்து ஒரு கேம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். நடுவில் பத்து நாள் தொட முடியவில்லை. நேற்று இரவு திறந்தால் எல்லாமே தண்ணீருக்குள் நடப்பது மாதிரி இருக்கிறது. அந்தப் பெண் குதித்தால் மிதந்து மிதந்து இறங்குகிறாள். திக்கவில்லை, உறையவில்லை, சீராகத்தான் ஓடுகிறது, ஆனால் மெதுவாக.

லேப்டாப் பழசு: ஐ3, 4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. போன வாரம் விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தது. சந்தேகம் அதன்மேல்தான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஆடுவதால் சத்தத்தை அணைத்துவிடுவேன், அதனால் பாட்டும் இழுக்கிறதா என்று தெரியாது. யாராவது உதவுங்கள்.

பழையசோறு:
4 ஜிபி ரேமில் விண்டோஸ் ஓடுவதே பெரிய விஷயம். புது லேப்டாப் வாங்குங்கள் ப்ரோ.

சுண்டல்கடை:
சார்ஜர் செருகியிருக்கிறதா? பேட்டரியில் ஓடும்போது பவர் சேவர் தானாக வந்துவிடும். எனக்கு ஒரு தடவை இப்படித்தான் ஆனது. அப்புறம் ஃபேன் ஓட்டையைத் துடைத்துப் பாருங்கள், சூடு ஏறினாலும் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மொட்டைமாடி:
சார்ஜர் செருகித்தான் இருக்கிறது. ஃபேனையும் துடைத்தேன், ஒரு பஞ்சுத் தலையணை தைக்கும் அளவுக்குத் தூசி வந்தது. ஆனால் கேம் அப்படியேதான் இருக்கிறது. ஸ்டார்டியூ வேலி என்ற இன்னொரு கேமைத் திறந்து பார்த்தேன், அது பழைய வேகத்திலேயே ஓடுகிறது.

நடுச்சாமம்:
புது லேப்டாப் வாங்கச் சொன்னவர் கொஞ்சம் பொறுங்கள். செலஸ்ட் கேட்பது 2 ஜிபி ரேமும், பிராசஸரோடு சேர்ந்தே வரும் இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸும்தான். அதன் ஆட்டக் காட்சி 320க்கு 180 புள்ளியில் (பிக்சல்) வரையப்பட்டு, பிறகு திரை அளவுக்குப் பெரிதாக்கப்படுகிறது. 2012இல் வந்த லேப்டாப்புக்கே அது பாரமில்லை. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியும் இருக்கிறது.

ஊகிப்பதை விட அளந்துவிடலாம். ஸ்டீம் செட்டிங்ஸில் ‘இன் கேம்’ பகுதிக்குப் போய் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்பது) காட்டும் வசதியை இயக்குங்கள். திரை மூலையில் ஒரு எண் தெரியும். லேப்டாப் இழுக்க முடியாமல் திணறினால் அது 60க்குக் கீழே தள்ளாடும். 60இலேயே நின்றுகொண்டு ஆட்டம் மட்டும் மெதுவாக இருந்தால் கதை வேறு.

மொட்டைமாடி:
அளந்தேன். 60. அசையவே இல்லை. ஆனால் அவள் இன்னும் மிதக்கிறாள்.

நடுச்சாமம்:
அப்போது லேப்டாப்பையும் விண்டோஸையும் விடுதலை செய்துவிடலாம். ஒரு கேள்வி: அந்தப் பத்து நாளில் வேறு யாராவது ஆடினார்களா?

மொட்டைமாடி:
அக்கா பொண்ணு அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. அவள் ஆடியிருப்பாள், ஆனால் அவள் எதையும் கெடுக்கிற பிள்ளை இல்லை.

நடுச்சாமம்:
கெடுக்கவில்லை, சரியாகப் பயன்படுத்தியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஆட்டத்தை நடுவே நிறுத்தினால் வரும் பாஸ் மெனுவைத் திறங்கள். ‘அசிஸ்ட் மோடு’ என்று ஒரு வரி இருக்கிறதா? ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ளும் வசதி அது. இருந்தால் உள்ளே போய் ‘கேம் ஸ்பீடு’ எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 100இலிருந்து 50 வரை இறக்கலாம். சேவ் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அசிஸ்ட் மோடை இயக்கினால்தான் அந்த வரி பாஸ் மெனுவில் வரும். அந்த ஃபைலுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மொட்டைமாடி:
70 சதவீதம்!

அது மட்டுமில்லை. நான் இரண்டாம் அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நின்றிருந்தேன். இப்போது மூன்றாவது திறந்திருக்கிறது. நேற்று தூக்கக் கலக்கத்தில் அதைக்கூடக் கவனிக்கவில்லை. அக்காவுக்கு போன் போட்டுப் பிள்ளையிடம் கேட்டேன். “மாமா, அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்து வர்ற பொண்ணு துரத்தும்போது மட்டும்தான் கொறச்சேன், திருப்பி வைக்க மறந்துட்டேன்” என்கிறாள். நான் மூன்று வாரமாகச் செத்துக்கொண்டிருந்த இடம் அதுதான்.

வேகத்தை 100க்கு ஏற்றிவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஒரு உறுத்தல். இது ஏமாற்று இல்லையா? கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்கும் ரகசியப் பட்டன் வரிசை மாதிரிதானே?

பழையசோறு:
ஏமாற்றுதான். கஷ்டம்தானே அந்தக் கேமின் சரக்கு? அதைக் குறைத்தால் ரசமில்லாத சோறு.

நடுச்சாமம்:
இதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கேமின் உள்வேலையைப் பற்றிப் படித்தேன். அதைச் செய்தவர்களில் ஒருவரான நோயல் பெரி, கதாபாத்திரத்தின் அசைவுக்கான மூலநிரலை வெளியிட்டிருக்கிறார், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நாம் ஆட்டுவிக்கும் அந்தப் பெண், மேடலின், விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் கால் வைத்த பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் குதிக்க அனுமதி உண்டு. நாம் தாமதமாகத்தான் அழுத்தினோம், ஆனால் கேம் அதைக் கண்டுகொள்வதில்லை. மேலே குதிக்கும்போது தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால், நான்கு புள்ளி வரை பக்கவாட்டில் நகர்த்தி மேலே விட்டுவிடும். முள்ளின் பக்கம் போகும்போது பட்டால்தான் சாவு, முள்ளைவிட்டு விலகும் திசையில் போய்க்கொண்டிருந்தால் உரசினாலும் தப்பித்துவிடுவாள்.

ஆக, பழையசோறு, நீங்கள் “என் கைத்திறன்” என்று நினைத்துக் கடந்த பாதி இடங்களில் கேம் உங்களுக்குத் தெரியாமல் முட்டுக் கொடுத்திருக்கிறது. எனக்கும்தான். அசிஸ்ட் மோடு அதே கையை எல்லோரும் பார்க்க நீட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது உயிர் ஒரு ரகசியம், தெரிந்தவனுக்கு மட்டும். இது மெனுவிலேயே எழுதி வைத்திருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்பதையும் அந்தப் பிள்ளையே முடிவு செய்திருக்கிறாள். சாகாவரமும் அதே மெனுவில்தான் இருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை பாருங்கள்.

சுண்டல்கடை:
அந்தப் பத்தில் ஒரு பங்கு விஷயம் தெரியாது. இன்றிரவு விளிம்புக்கு அப்பால் போய்க் குதித்துப் பார்க்கப் போகிறேன்.

எனக்கு இன்டி கேம்கள், அதாவது பெரிய நிறுவனம் இல்லாமல் சிலரே சேர்ந்து செய்பவை, பிடிப்பதே இதனால்தான். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்த தடம் தெரியும். செலஸ்ட் முதலில் நான்கே நாளில் மேடி தோர்சனும் நோயல் பெரியும் செய்த ஒரு குட்டிக் கேம். மூன்றாம் அத்தியாய ஹோட்டலில் ஒரு பழைய கம்ப்யூட்டராக அதையே ஒளித்து வைத்திருக்கிறார்கள், தேடுங்கள். ஸ்டார்டியூ வேலியும் அப்படித்தான், எரிக் பரோன் ஒற்றை ஆளாக நான்கரை வருடம் செய்தது. 2016இல் வந்த கேமுக்கு 2024இல் கூடப் பெரிய அப்டேட் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்.

பழையசோறு:
சரி, அந்த நான்கு புள்ளி விஷயத்தில் நான் அடிபட்டேன். ஆனாலும் நான் 100இல்தான் ஆடுவேன்.

நடுச்சாமம்:
ஆடுங்கள், யார் வேண்டாம் என்றது.

மொட்டைமாடி, அந்தப் பிள்ளை அடுத்த விடுமுறைக்கு வரும்போது ‘வெண்பா’ என்ற கேமைக் காட்டுங்கள். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு. அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேமுக்கான விருது வாங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேமுக்குள் இட்லித் தட்டைப் பார்த்ததும் என் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், கடைசி வரை எழவில்லை. புட்டு செய்யும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

மொட்டைமாடி:
குறித்துக்கொண்டேன். செலஸ்டில் மூன்று சேவ் இடங்கள் இருப்பதைப் பார்த்தேன். இரண்டாவதை அவள் பெயரில் போட்டுவிட்டேன், 70இலேயே இருக்கட்டும். என் ஃபைலில் இரண்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து 100இல் ஆடினேன். முதல் பத்து நிமிடத்தில் நாற்பது சாவு. இப்போது கேமின் வேகம் சரியாக இருக்கிறது, நான்தான் சரியில்லை.

கடைசியாக ஒன்று. சுவரைப் பிடிக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதில் ஆள்காட்டி விரல் வலிக்கிறது. கன்ட்ரோலர் மலிவானது, அந்தப் பட்டன் கல் மாதிரி. வேறு பட்டனுக்கு மாற்ற வேண்டுமா?

நடுச்சாமம்:
மாற்ற வேண்டாம். ஆப்ஷன்ஸில் ‘கிராப் மோடு’ இருக்கும், அதை ‘டாகிள்’ ஆக்குங்கள். ஒரு தடவை அழுத்தினால் பிடிக்கும், மறுபடி அழுத்தினால் விடும். ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தால் தெம்பு தீர்ந்து விழுவாள், விட மறந்துவிடாதீர்கள்.

மொட்டைமாடி:
மாற்றிவிட்டேன், விரல் தப்பித்தது. விட மறந்து இரண்டு தடவை விழுந்தும் ஆயிற்று. இழையைத் ‘தீர்ந்தது’ என்று குறித்துவிடுகிறேன்.